மூன்றாம் தடவை

குளிர்பெட்டியின் வயர் எட்டவில்லை. ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அனுப்ரியா சுவரோரமாக நின்றாள். சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு இன்னும் ஒரு முழம் வேண்டியிருந்தது. பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவர், "தலைமாட்டை வடக்க திருப்பிட்டா எட்டிருமுங்க" என்று சுலபமாக வழி சொன்னார். "ஏப்பா, பொணத்தோட தலையை வடக்க வெக்கச் சொல்றியா? கரண்டுக்காகச் சாஸ்திரத்தை மாத்தறதா?" என்று வாசலிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து, அயர்ன் பாக்ஸுக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்து சாஸ்திரத்தைக் காப்பாற்றியது.

பெட்டி ஒரு தரம் உதறிக்கொண்டு முனக ஆரம்பித்தது. கண்ணாடிக்கு உள்ளே அவளுடைய அப்பா சாமியப்பன் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. யாரோ தூரத்திலிருந்து ஏதோ சொல்ல, அதை உற்றுக் கேட்பவரைப்போல இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். அருள்புரம் மெயின் ரோட்டிலிருந்து ஆட்டோ உள்ளே திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அந்த நேரத்திலிருந்து அனுப்ரியாவுக்குச் சத்தங்கள் எல்லாம் கொஞ்சம் தாமதமாகவே வந்துகொண்டிருந்தன. வந்தவர்களின் வாய் முதலில் அசையும். அழுகை அப்புறமாக, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதுபோல மெதுவாக வந்து சேரும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து பனியன் கம்பெனியிலிருந்து எப்போதும் பறந்து வருகிற தூசிதான். இன்று அது கீழே இறங்குவதாகவே இல்லை. அப்பாவைச் சுற்றி, பெட்டிக்கு மேலே, எங்கே உட்காரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சாமியப்பனும் அனுப்ரியாவும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். அவர் துணி ஸ்டோரில். அவள் மாடியில், ஹெச்.ஆர். ஆபீசில். கம்பெனியில் முந்நூற்று நாற்பது பேருக்கும் சாமியப்பனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: மனுஷனுக்குக் காது கேட்காது. நிட்டிங் ஹாலில் இருபது வருஷம் மெஷின் ஓட்டியவர். காது போகாமல் எப்படி இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அவரைப் பற்றி வேறு விஷயம் தெரியும். அடுப்படியில் மனைவி மயிலாத்தாள் முணுமுணுப்பதற்கு, மொட்டை மாடியிலிருந்து அவர் பதில் சொல்லுவார்.

எல்லாம் ஒரு மறதியில் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நிட்டிங் ஹாலிலிருந்து ஸ்டோருக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், மெஷின் இரைச்சலுக்காகக் காதில் அடைத்திருந்த பனியன் வேஸ்ட் பஞ்சை எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டார். டீ நேரம். ஜி.எம். கதிர்வேல், எம்.டி.யின் சொந்த மச்சினர், ஒரு ஒடிசாப் பையனின் நிறத்தைப் பற்றி ஜோக் ஒன்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சாமியப்பன் மட்டும், "என்னங்க சார் சொன்னீங்க? காதுல உழுகலீங்க" என்றார். நிஜமாகவே விழவில்லை. கதிர்வேல் பெருந்தன்மையோடு இன்னொரு தடவை சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். "இன்னொருக்கா சொல்லுங்க சார்." மூன்றாம் தடவை சொல்லும்போது அந்த ஜோக்கில் ஜோக் இல்லை. ஒரு பையன் கருப்பாக இருக்கிறான் என்கிற சமாச்சாரம் மட்டும், துணியில்லாமல், டீ டம்ளர்களுக்கு நடுவில் நின்றது. ஒருத்தர் இருமினார். கதிர்வேல் மணி பார்த்தார்.

அன்று சாயங்காலம் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்ட சாமியப்பன், செவிட்டை மட்டும் எடுத்துப் போடவில்லை.

அதற்குப்பின் யாரையாவது யாராவது சின்னதாகக் குத்திச் சொன்னால், எங்கிருந்தோ அந்தக் குரல் வரும். சண்டைக்கு வருகிற குரல் அல்ல. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பணிவான குரல். "என்னங்க சொன்னீங்க?" கதிர்வேலுக்கு யாரையும் புண்படுத்தும் எண்ணம் கிடையாது. அதை அவரே அடிக்கடி சொல்லுவார். மதுரைப்பக்கத்துப் பையனைப் பார்த்தால் அரிவாளைக் கேட்பார். சாம்பிள் பிரிவில் அளவு பார்க்கிற மெஹ்ஜபினைப் பார்த்தால் பிரியாணியைக் கேட்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, எப்போதும் 'பேகம்'தான். எல்லாம் பிரியத்தினால். அந்தப் பிரியத்தை மூன்று மூன்று தடவை விளக்க வேண்டியிருந்ததால், ஸ்டோர்ப் பக்கம் வரும்போது மட்டும் அவருடைய பிரியம் கொஞ்சம் சுருங்கிப்போனது.

நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஆண்டு விழாவில் மேடை போட்டு, 'செவித்திறன் வழங்கும் விழா' என்று ஃப்ளெக்ஸ் அடித்து, எம்.டி. திருமூர்த்தி தம் கையாலேயே சாமியப்பன் காதில் மெஷினை மாட்டிவிட்டார். கதிர்வேல் மைக்கில், "இப்பக் கேக்குதுங்களா?" என்றார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க?" என்றார் சாமியப்பன்.

போன வருஷம், கம்பெனியில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு கடுதாசி போட்டார். வேலையிடத்தில் நடக்கும் சின்னச் சின்னச் சீண்டல்களைப் பற்றியும், பக்கத்தில் நிற்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்காவிட்டால் ஆர்டர் கிடையாது. 'மைக்ரோ அக்ரெஷன்' என்பதற்குத் தமிழ் கண்டுபிடிக்கக் கதிர்வேல் தலைமையில் ஒரு கமிட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தது. 'நுண் மன உளைச்சல் ஒழிப்பு முகாம்' என்று ஃப்ளெக்ஸ் வந்தது. முகாம் என்பதைப் பார்த்து, சர்க்கரை டெஸ்ட் என்று நினைத்து இரண்டு பேர் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏற்பாடு எல்லாம் அனுப்ரியாதான்.

நன்றியுரையில் கதிர்வேல், "நம்ம கம்பெனியில இந்தப் பிரச்சினையே கெடையாது. வேணும்னா நம்ம பேகத்தையே கேட்டுப் பாருங்க!" என்றார். முந்நூறு தலைகள் மெஹ்ஜபின் பக்கம் திரும்பின. அவள் எழுந்து, "ஆமாங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்தாள். கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். "சார், யாரைக் கேக்கோணும்னு சொன்னீங்க? மைக்குல செரியாக் கேக்கலீங்க." கதிர்வேல் மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை, 'நம்ம பே' என்ற இடத்தில் நாக்கு இடறி, "நம்ம ஸ்டாஃபைக் கேட்டுப் பாருங்க" என்று முடித்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் அனுப்ரியா வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் இப்படி ஒரு வேஷம் என்று நினைத்தாள். அவளும் நேராகச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு நேற்று. வாராந்திர மீட்டிங். முந்தின நாள் கிரிக்கெட் மேட்ச். கதிர்வேல் நாற்காலியை இழுத்துப் போட்டபடியே, "பாவம், நம்ம பேகத்துக்கு ராத்திரி பூராவும் தூக்கம் இருந்திருக்காது. பாகிஸ்தான் தோத்துருச்சே!" என்றார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. ஸ்டோர்காரர்களுக்கு அந்த மீட்டிங்கில் இடம் கிடையாது. அதனால் மூன்றாம் தடவை என்பதும் கிடையாது. மெஹ்ஜபின் கையிலிருந்த அளவு டேப்பைச் சுற்றிச் சுற்றிச் சின்னதாக்கினாள். பிறகு நிமிர்ந்து எதிரே இருந்த அனுப்ரியாவைப் பார்த்தாள். அனுப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து வந்துவிட்ட சிரிப்பு. மெஹ்ஜபின் பார்த்த பிறகும் அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. அவளுடைய ஹெச்.ஆர். ஆபீசர் பதவி உயர்வுக் கடிதம் கதிர்வேலின் மேசையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

சாயங்காலம் அப்பா வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மீட்டிங்ல அந்தப் புள்ளையை என்னமோ சொன்னாராமா?"

"ம்."

"நீ அங்கதான இருந்தே, கண்ணு?"

"இருந்தேன்."

"நீ என்ன பண்ணினே?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. அதனால் அவளுக்குத்தான் கோபம் வந்தது. "உங்களாட்டச் செவிட்டு வேஷம் போட எனக்குத் தெரியாதுங்கப்பா. செவிடன் மகள்னுதான் என்னை அங்க பேசிக்கறாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் இன்னொரு காலிலும் தண்ணீர் ஊற்றினார். குதிகாலைத் தேய்த்தார்.

"தெரியுங் கண்ணு. நான்தான் கேட்டிருக்கறேனே."

அவ்வளவுதான். உள்ளே போய் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

பதினோரு மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. முதலில் ரோஜாமாலை இறங்கியது. மாலையின் குறுக்கே கம்பெனி பெயர் அச்சடித்த ரிப்பன். அடுத்து ஃப்ளெக்ஸ். அடுத்து, வெள்ளை வேட்டி சட்டையில் கதிர்வேல். அவர் கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. பிணத்துக்குக் கோடித் துணி போடுவது மாமன் மச்சான் உறவுக்காரர்கள் செய்கிற முறை. கம்பெனி என்ன முறை ஆகவேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. "ஜெர்மனி பையருக்குப் போற குவாலிட்டிங்க" என்று அவரே மெதுவாகச் சொல்லிக்கொண்டு, முகம் மறையாமல் பெட்டிமேல் விரித்தார். துணியின் ஓரத்தில் 'அப்ரூவ்டு' என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அனுப்ரியா அதையெல்லாம் கனவில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கதிர்வேலின் உதடுகள் அசைந்தன. கொஞ்சம் கழித்துச் சொற்கள் வந்தன. "…காது மெஷின் எங்கம்மா? அதை மாட்டி உட்டுருங்க. எம்.டி. ஃபோட்டோ கேப்பாரு. அவரு குடுத்தது."

மயிலாத்தாள் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. இப்போது தலையைத் தூக்கினாள்.

"அது எதுக்குங்க சார்? அவருக்குக் காது நல்லாக் கேக்குமுங்க."

கதிர்வேல் இரக்கத்தோடு தலையாட்டினார். "அதிர்ச்சிங்க. இந்த நேரத்துல இப்படித்தான் பேசத் தோணும்" என்று பக்கத்தில் நின்ற அக்கவுண்ட்ஸ்காரரிடம் விளக்கினார். அக்கவுண்ட்ஸ்காரரும் இரக்கப்பட்டார்.

அப்போது மெஹ்ஜபின் வந்தாள். வேனில் வரவில்லை; தனியாக ஸ்கூட்டியில் வந்திருந்தாள். செருப்பை வெளியே விட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தின் ஓரமாக நடந்து பெட்டியின் அருகே போய் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படிந்து, அப்பாவின் முகம் அவளுக்குக் கீழே மேகத்தில் மிதப்பதுபோல இருந்தது. அந்த இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அனுப்ரியாவுக்குத் தோன்றியது. அவர்கள் பேசி முடிக்கும்வரை இந்தக் கூட்டம் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

"பேகம்," என்றார் கதிர்வேல், எழவு வீட்டுக்கு ஏற்ற தணிந்த குரலில். "மந்திரம் கிந்திரம் சொல்லி அவரை உங்க பக்கம் இழுத்துட்டுப் போயிறாதீங்க. அவருக்கு நம்ம சொர்க்கத்துல சீட்டுப் போட்டாச்சு."

இது மட்டும் தாமதமில்லாமல், சொன்ன கணத்திலேயே அனுப்ரியாவின் காதில் விழுந்தது.

அக்கவுண்ட்ஸ்காரரின் தோள் இரண்டு தரம் குலுங்கியது. யாரோ துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். மெஹ்ஜபின் கண்ணைத் திறந்தாள். கட்டியிருந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விட்டாள்.

பிறகு ஒரு அமைதி வந்தது. அது துக்கத்தின் அமைதி இல்லை. பழக்கத்தின் அமைதி. பன்னிரண்டு வருஷமாக அந்த மாதிரிப் பேச்சுக்குப் பின்னால் ஒரு குரல் வந்து பழகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும், தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமலே, பெட்டிப் பக்கம் பார்த்தார்கள். கதிர்வேலும் பார்த்தார். இரண்டாம் தடவை சொல்வதற்குத் தயாராக அவர் வாய்கூடக் கொஞ்சம் திறந்திருந்தது.

பெட்டி முனகியது. உள்ளே இருந்தவர் புருவத்தைத் தூக்கியபடி படுத்திருந்தார்.

மெஹ்ஜபின் அனுப்ரியாவைப் பார்க்கவில்லை. நேற்று ஒரு தரம் பார்த்ததே போதும் என்பதுபோல, பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னும் நாலு அடி வைத்தால் வாசல்.

அனுப்ரியா யோசித்துப் பார்த்தாள். 'என்னங்க சொன்னீங்க' என்று அவள் கேட்க முடியாது. அவளுக்குக் காது கேட்கும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். நேற்று கேட்டுச் சிரித்ததையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒளிந்துகொள்ள அவளுக்கு ஒரு செவிடுகூட இல்லை. நாளையிலிருந்து இந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். கடிதம் அந்த மேசையில் இருக்கிறது.

"சார்," என்றாள். "நீங்க மெஹ்ஜபினைச் சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க. அப்படிச் சொல்லாதீங்க."

"என்னம்மா?" என்றார் கதிர்வேல். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"மெஹ்ஜபினை அப்படிச் சொல்லாதீங்கன்னு சொன்னேனுங்க. எங்கப்பாவுக்காக வந்திருக்காங்க. அவங்க பேரு பேகம் இல்லீங்க." காலையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "நேத்து மீட்டிங்ல சொன்னதும் கேட்டுச்சுங்க. அப்ப நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாதுங்க."

"இப்ப என்ன சொல்ல வர்றே, அம்மிணி?"

"அப்படிச் சொல்லாதீங்க, சார்."

மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அவள் குரல் அவளுக்கே தெளிவாக இருந்தது. கதிர்வேல் நாலாம் தடவை கேட்கவில்லை. "சும்மா ஒரு இதுக்கு… எனக்கு யாரையும் புண்படுத்தற எண்ணம்…" என்று தொடங்கி, அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் அக்கவுண்ட்ஸ்காரரைப் பார்த்தார். அக்கவுண்ட்ஸ்காரர் ஃப்ளெக்ஸில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு, இப்படி வந்து உக்காரு" என்றாள் மயிலாத்தாள். மெஹ்ஜபினைத்தான். புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு பாயில் இடம் விட்டாள். வாசல் பக்கம் போன கால்கள் திரும்பி வந்தன. அவள் உட்கார்ந்தாள்.

கதிர்வேல் மெதுவாகக் குனிந்தார். "ஏனுங்கம்மா… சித்த முந்தி, அவருக்குக் காது கேக்கும்னு ஏதோ சொன்னீங்களே?"

"ஆமாங்க. கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து அவரு காதுல ஒரு கொறையும் இல்லீங்களே."

"கம்பெனியிலயுமா?"

"காதைக் கழட்டி வெச்சுட்டா வேலைக்கு வருவாங்க, சார்?"

கதிர்வேல் நிமிர்ந்து கண்ணாடிக்குள்ளே பார்த்தார். அவருடைய உதடுகள் லேசாக அசைந்தன. அனுப்ரியாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் மனுஷர் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. முகாம், ஆண்டு விழா, ஸ்டோர், டீ டம்ளர்கள், ஒடிசாப் பையன். ஒவ்வொரு இடத்திலும் நின்று, தான் மூன்று மூன்று தடவை சொன்னதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை இறங்கி வெள்ளைக் காலரை நனைத்தது. ஷிப்மென்ட் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். மாலை இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய துணியும் இருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் மயானத்துக்குப் போனார்கள். தெருமுனையில் வண்டி திரும்பும்வரை பெண்கள் நின்று பார்த்தார்கள். அப்புறம் வீட்டைக் கழுவிவிட வேண்டும். யாரோ இரண்டு குடம் எடுத்துவந்து ஊற்ற, அனுப்ரியா விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு வந்தாள். பெட்டி இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாகச் சில்லென்று இருந்தது. உதிர்ந்த ரோஜா இதழ்கள் தண்ணீரோடு அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெளியே செருப்புகள் கிடந்த பக்கமாக ஓடின.

மெஹ்ஜபின் கிளம்புவதற்காக வாசலில் இறங்கியிருந்தாள். தண்ணீர் வருவதைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து தன் செருப்பைக் கையில் எடுத்தாள். பக்கத்தில், குதிகால் தேய்ந்த அப்பாவின் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதையும் எடுத்து, மேல்படியின் நனையாத ஓரத்தில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல நேராக வைத்தாள்.

அனுப்ரியா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்தச் செருப்பு நனைந்துவிடாமல், தண்ணீர் முழுவதும் வடிகிற வரைக்கும் படியைத் தாண்டி அவள் பெருக்கவில்லை.